வெடிக்கு அசையாத குட்டி

விருதுநகர்
ஜூலை 12

அன்புள்ள தம்பி தருண்குமாருக்கு,

ஸ்தோத்திரம். உங்களுக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வாரக்கணக்கில் ஸ்விட்ச் ஆஃப். நீங்கள் கொடுத்த விசிட்டிங் கார்டில் வீட்டு முகவரி இருந்ததால் இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபப்பட வேண்டியவள் நான்.

ஸ்டெல்லா திங்கட்கிழமை ஐந்து குட்டி போட்டிருக்கிறாள். மே மாதம் உங்கள் நாய் சிப்பாயை இங்கே கூட்டி வந்தபோது என்ன சொன்னீர்கள்? "குட்டி போடுற அன்னைக்கு நான் கூடவே இருப்பேன் டீச்சர், நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீக" என்றீர்கள். எங்கே வந்தீர்கள்? பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, ஒற்றை ஆளாக நானே பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூன்றாவது குட்டி மூச்சு விடவில்லை. நீங்கள் சொல்லித் தந்த மாதிரி தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தபிறகுதான் முனகியது. அதற்காக உங்களைப் பாதி மன்னித்துவிட்டேன்.

அந்த மூன்றாவதுதான் வெள்ளை. மற்றவை இரண்டு பிஸ்கட் நிறம், இரண்டு புலிவரி. முகம் எல்லாம் அப்படியே சிப்பாய். கடன்காரனைக் கண்ட மாதிரி ஒரு சுளிப்பு. பாக்ஸர் சாதி நாய் என்றால் வாலை நறுக்கியாக வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். "வெட்டிறாதீக டீச்சர், அது சிரிக்கிறதே வாலாலதான்" என்று நீங்கள் சொன்னது நினைவில் இருந்தது. யாரையும் தொடவிடவில்லை.

ஆண் நாய் வீட்டார் பார்த்து ஒரு குட்டி எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்பது வழக்கம். வந்து பார்த்து உங்கள் பங்கைச் சொல்லிவிட்டுப் போங்கள். வரும்போது சிப்பாயையும் கூட்டி வாருங்கள். தகப்பன் என்று ஒருவன் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இப்படிக்கு,
பாதிக் கோபத்துடன்,
வினோலியா டீச்சர்


சிவகாசி
ஜூலை 19

டீச்சர் அவர்களுக்கு,

தாங்கள் என் மகனுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. அவன் பெயருக்கு வந்ததை நான் பிரிக்க வேண்டியதாயிற்று.

தருண்குமார் இல்லை. ஆனி மாதம் ஆறாம் தேதி, ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தில் இறந்துவிட்டான். வயது இருபத்தாறு. அவன் போனும் அவனோடு போய்விட்டது.

எனக்கு அந்த வெடியில் இரண்டு காதும் போய்விட்டது. மதுரையில் காட்டியும் பலனில்லை. அதனால் என்னிடம் போனில் பேசவும் இயலாது. கடிதத்தின் மேலே பிள்ளையார் சுழி இல்லை என்று நினைக்க வேண்டாம். எழுதப் பழகிய நாளிலிருந்து அது போடாமல் ஒரு காகிதத்தில் கை வைத்ததில்லை. இப்போது வரவில்லை.

குட்டி எங்களுக்கு வேண்டாம். அவன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடவும். இத்துடன் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ராஜபாண்டியன்


விருதுநகர்
ஜூலை 24

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. இறந்துபோன பிள்ளையோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த விபத்தைப் பேப்பரில் படித்தேன், அண்ணாச்சி. "ஒருவர் பலி" என்று போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் இருக்கிற நாங்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அடுத்த பக்கம் திருப்புகிறவர்கள்தானே. நானும் திருப்பினேன்.

ஆறுதலுக்கு வேதாகமத்தில் எனக்கு வசனம் நிறையத் தெரியும். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. உங்கள் பிள்ளை என் வீட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காபி குடித்தது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. இரண்டு நாயும் இரண்டு தொடையில் தலை வைத்திருந்தன. "எங்கப்பாவுக்கு நாயே பிடிக்காது டீச்சர். ஆனா நான் பாக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு அவருதான் அதுக்கு முறுக்க ஒடிச்சு ஒடிச்சுப் போடுவாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

சிப்பாய் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா? எசமானைப் பிரிந்த நாயைச் சமாளிப்பது கஷ்டம். துக்க வீட்டில் உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். எத்தனை நாளானாலும் வைத்திருக்கிறேன்.

வினோலியா


சிவகாசி
ஆகஸ்ட் 4

டீச்சர் அவர்களுக்கு,

நாய் இங்கே இல்லை. அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

முறுக்குப் போட்டது உண்மைதான். அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. என் மனைவி பத்திரகாளி எழுந்து போவதில்லை. எங்களிடம் இருந்த வேன் டிரைவர் சீனிச்சாமி இப்போது வேறு கம்பெனிக்கு ஓட்டுகிறான். தினமும் உங்கள் தெருமுனையில்தான் ஆள் ஏற்றுகிறானாம். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ராஜபாண்டியன்


விருதுநகர்
ஆகஸ்ட் 30

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

எழுத வேண்டாம் என்கிறீர்கள். யாரிடம் கொடுத்தனுப்புவது என்றும் எழுதுகிறீர்கள். இருபது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள் நான். பிள்ளைகள் அடித்துவிட்ட வரியையும் படிக்கத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

குட்டிகள் வளர்ந்துவிட்டன. கேழ்வரகுக் கூழ், தயிர்சோறு, பூச்சி மருந்து, ஊசி என்று என் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் வேறு வேலை இல்லை. வீட்டில் பழைய பேப்பர் மிச்சமில்லை. சபையில் கொடுத்த காலண்டரைக்கூடக் கிழித்து விரித்தாயிற்று. என் கண்ணாடிக் கூட்டையும் ஒற்றைச் செருப்பையும் தின்றுவிட்டன. மாலையில் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால் ஐந்தும் காலில் வந்து விழும். நான் ஒண்டிக்கட்டை. இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் இப்படி ஓடி வந்ததில்லை.

கேட்டு வந்தவர்களுக்கு நான் நேர்முகத் தேர்வு வைக்கிறேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நாய் சோபாவில் ஏறினால் என்ன செய்வீர்கள்? மொட்டை மாடியில் கட்டிப் போடுவோம் என்ற ஒருவரை வாசலிலேயே அனுப்பிவிட்டேன். குட்டியைக் காவலுக்குக் கேட்டால் இல்லை என்றேன், குடும்பத்துக்குக் கேட்டால்தான் காட்டினேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்த்தபிறகே கொடுத்தேன். சாத்தூரில் ஒரு நர்ஸ் வீடு. அருப்புக்கோட்டையில் இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள வீடு. அந்தச் சின்னது, குட்டிக்குத் தன் தலையணையைக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் பாயில் படுத்ததாம்.

வெள்ளைதான் உங்கள் மகனின் பங்கு என்று மனசில் ஒதுக்கி வைத்திருந்தேன். அது அவர் சொல்லித் தந்ததால் மூச்சு வந்த குட்டி. நீங்கள் வேண்டாம் என்ற பிறகு யாருக்குக் கொடுப்பது என்று குழம்பியபோது மணிகண்டராஜ் என்பவர் வந்தார். பஜாரில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். "எங்க வீட்டு நாய் வெடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில போயிப் படுத்தா ஊரே சிரிக்கும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு குருவி வெடியை எடுத்து முற்றத்தில் கொளுத்திவிட்டார். நான் கத்தி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. மற்றக் குட்டிகள் மூலைக்கொன்றாகப் பறந்தன. ஸ்டெல்லா அவர் வேட்டியைப் பிடித்தாள். வெள்ளை மட்டும் வெயிலில் படுத்தது படுத்தபடி தூங்கியது, காதுமடல்கூட ஆடவில்லை. "பாத்தீகளா! இதுல்ல நம்ம ஊருக் குட்டி! எம்புட்டு நெஞ்சழுத்தம்!" என்று அள்ளிக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டுப் பங்கு, பயமில்லாத குட்டி. போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வினோலியா


சிவகாசி
செப்டம்பர் 5

டீச்சர் அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன்.

வெடிக்கு அசையாத உயிர் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். சரம் தயாரித்தவன் நான். என் சரத்தையே வெடித்துப் பார்க்கும்போது, வெடிக்கப் போகிறது என்று தெரிந்தும், முதல் வெடிக்குத் தோள் ஒரு தடவை தூக்கிப் போடும். அது பயமில்லை, உடம்பு. தைரியசாலிக்கும் அப்படித்தான்.

போன வாரம் பக்கத்துத் தெருக் கோயிலில் வெடி போட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பத்திரகாளி உடம்பு நடுங்கி எழுந்ததைப் பார்த்துத்தான் வெடி என்று எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த கவளத்தை எடுத்தேன். பார்த்தவர்கள் என்னையும் நெஞ்சழுத்தக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் குட்டிக்குக் காது கேட்காது டீச்சர். அதன் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு, தரையில் தட்டாமல், கையில் தட்டைப் பிடித்துக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். தரையில் தட்டினால் அதிர்வில் தெரிந்துகொள்ளும். நான் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன்.

அந்தக் கடைக்காரரிடம் உடனே சொல்லிவிடுங்கள். கூப்பிட்டு வராத நாயை அடிப்பார்கள்.

ராஜபாண்டியன்


விருதுநகர்
செப்டம்பர் 14

அண்ணாச்சிக்கு,

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. சீனிச்சாமி கடிதம் கொண்டுவந்த அன்றே ஓடினேன். அதற்குள் அடித்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, தடம் மறையவில்லை. "சொல்பேச்சே கேக்க மாட்டேங்குது டீச்சர், திமிரு பிடிச்ச குட்டி. பத்துத் தடவ கூப்பிட்டாலும் பாக்குறதில்ல" என்றார் மணிகண்டராஜ். தட்டையும் கரண்டியையும் அவர் வீட்டு அடுப்படியிலிருந்தே வாங்கித் தட்டிக் காட்டினேன். குட்டி திரும்பவில்லை. மனிதர் முகம் செத்துப்போனது. கெட்டவர் இல்லை. ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கால்நடை டாக்டர் பார்த்தார். வெள்ளையாகப் பிறக்கும் பாக்ஸர்களில் சிலதுக்கு இப்படி ஆகுமாம், பிறவியிலேயே. ஒன்றும் செய்வதற்கில்லை. நாய் வளர்த்துப் பழக்கமுள்ள ஒருவர் வீடு தேடி வந்து, "ஒரு ஊசியப் போட்டா முடிஞ்சு போகும், எதுக்கு வச்சுக்கிட்டுச் சீரழியிறீக" என்று புத்தி சொன்னார். அவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

என் தவற்றைப் பாருங்கள். பிறந்த நாளிலிருந்து கையில் வைத்து வளர்த்தவள் நான். மற்றவை நான் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கு ஓடி வரும். இது அவை ஓடுவதைப் பார்த்துப் பின்னால் ஓடி வந்திருக்கிறது. கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. இப்போது மற்றவை போய்விட்டன. நான் உள்ளே வந்து நின்ற பிறகும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெல்லா போய் முகர்ந்ததும் திரும்பி, என்னைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஆட்டிக்கொண்டு வருகிறது.

வந்து கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கேட்டதும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நானே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் போனால் மாலைவரை வீட்டில் ஆள் கிடையாது. மற்றவர்களைக் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் தோற்றுப்போகிறேன்.

வினோலியா


சிவகாசி
செப்டம்பர் 20

டீச்சர் அவர்களுக்கு,

அந்தக் குட்டியை எனக்குக் கொடுங்கள்.

கம்பெனியை மூடியாயிற்று. நான் பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன். பத்திரகாளியும் இருக்கிறாள். உங்கள் முதல் கேள்விக்கு இது பதில். அது சோபாவில் ஏறினால் ஏறட்டும். தருண்குமார் வாங்கிப் போட்ட சோபா, நாங்கள் யாரும் உட்காருவதில்லை.

வழக்கப்படி அது அவன் பங்கு. வேண்டாம் என்று நான் சொன்னது தவறு. அதை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

சீனிச்சாமியிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

ராஜபாண்டியன்


விருதுநகர்
செப்டம்பர் 27

அண்ணாச்சிக்கு,

தர மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுதேன். அன்றைக்கே குட்டியைக் குளிப்பாட்டி, துண்டெல்லாம் எடுத்து வைத்தேன். மறுநாள் சீனிச்சாமியிடம், "அண்ணாச்சி நல்லாப் பாத்துக்கிடுவாகளா?" என்று வாய் வார்த்தைக்குத்தான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். "கருமாதி முடிஞ்ச மறுநா, சிப்பாயக் கார்ல ஏத்தச் சொன்னாரு டீச்சர். நான்தான் ஓட்டுனேன். இருக்கன்குடி கோயில் பக்கம் எறக்கி விட்டுட்டு வந்துட்டோம். கண்ணாடியில பாத்தேன், ரொம்ப தூரம் பின்னாலயே ஓடியாந்துச்சு."

உங்கள் துக்கத்தை அளக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் கேட்டேனே, அண்ணாச்சி. கூட்டிக்கொள்கிறேன் என்று எழுதினேனே. நாய் இங்கே இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மகன் உயிராய் வளர்த்த நாயை ரோட்டில் விட்டவர் கையில் இந்தக் காது கேளாததை எப்படிக் கொடுப்பேன்? இதற்கு வண்டி வருவதுகூடக் கேட்காது.

பத்திரகாளி அம்மாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. விபத்து நடந்த அன்றிலிருந்து அவர்கள் யாரிடமும் ஒரு சொல் பேசுவதில்லை என்று சீனிச்சாமி சொன்னார். சொந்தத் தங்கச்சி வந்து கட்டிக்கொண்டு அழுதும் வாய் திறக்கவில்லையாம். அவர்களுக்காவது அந்த நாய் துணையாக இருந்திருக்கும்.

வினோலியா


சிவகாசி
அக்டோபர் 8

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. சீனிச்சாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலில் பத்திரகாளி விஷயம். அவள் பேசுவதில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். என்மேல் உள்ள கோபத்தில் என்னைப் பார்த்து வாயசைப்பதில்லை என்று நினைத்திருந்தேன். அடுப்படியில், அக்கம்பக்கத்தில், தங்கச்சியிடம் எல்லாம் பேசிக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். காது போனவனுக்கு வீடு எப்போதும் ஒரே மாதிரிதான். பொண்டாட்டி ஊமையாய்ப் போனதை வெளியூர் டீச்சர் எழுதித் தெரிந்துகொண்ட மனுஷன் நான்.

இனி நாய் விஷயம். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெடிமருந்து காயவைத்த பக்கம் புகை வந்தது. ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள், ஒருவர் பாக்கியில்லை. அப்போது உள்ளே குரைத்தது. வேலைக்கு வரும் பெண்கள் பயப்படுவார்கள் என்று பகலில் அதைப் பின்பக்க வேம்பில் கட்டிப் போடுவது வழக்கம். "நீங்க இங்கனயே நில்லுங்கப்பா, அவுத்துவிட்டுட்டு வந்துருதேன்" என்றான். நான் காதால் கேட்ட கடைசிப் பேச்சு அது. சிப்பாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. பின்னால் தம்பி வருகிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு அந்த நாய் கொடியில் கிடந்த அவன் சட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் படுத்தது. அதன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நீ வந்துவிட்டாய், அவன் எங்கே என்று கேட்கத் தோன்றியது. அதனால் கொண்டுபோய் விட்டேன். கோயில் கூட்டத்தில் யாராவது சோறு போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் சீனிச்சாமியைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடி போனேன். விட்ட இடத்திலேயே இறங்கிக் கடை கடையாகக் கேட்டோம். ஒரு தேங்காய்க் கடை அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்வதை அவர் மகள் போனில் தட்டித் தட்டிக் காட்டினாள். அப்படியே எழுதுகிறேன். "வெள்ளக் காரு எது வந்தாலும் ஓடிப் போயி மோந்து பாக்கும் ஐயா. போட்ட சோத்தத் தின்னுட்டு மறுபடி ரோட்டுக்கே போயிரும். ஆடிக் கடைசி வெள்ளி, அம்புட்டுக் கூட்டம். ஒரு வெள்ளக் காரு பின்னாலயே ஓடுச்சு. எதுக்க வந்த வேனு பாக்கல." ஆற்று மணலில் அவர்களே புதைத்திருக்கிறார்கள். சங்கிலியைக் கழற்றிச் சாக்குக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது தேடி வருவார்கள் என்று வைத்திருந்தாராம். என் கையில் கொடுத்தார்.

நீங்கள் கூட்டிக்கொள்கிறேன் என்று எழுதிய ஜூலை மாதத்தில் சிப்பாய் உயிரோடு அந்த ரோட்டில்தான் நின்றிருக்கிறது. நான் ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் இன்று உங்கள் வீட்டில் இருந்திருக்கும். என் மகன் உயிரைக் கொடுத்து வெளியே அனுப்பிய உயிர் அது. அதைக்கூடக் காப்பாற்றி வைக்காமல் போனேன்.

என் கார் வெள்ளை. அதில் ஏறித்தான் திரும்பி வந்தேன்.

குட்டியை எனக்குத் தர வேண்டாம். நீங்கள் மறுத்தது சரி.

ராஜபாண்டியன்


விருதுநகர்
அக்டோபர் 13

அண்ணாச்சிக்கு,

சிப்பாயை நினைத்து நேற்று முழுவதும் என்னால் வகுப்பெடுக்க முடியவில்லை. உங்கள்மேல் கோபம் இருக்கிறது, அது போகாது. ஆனால் அதைத் தேடிப் போன ஒரே ஆளும் நீங்கள்தான். சங்கிலியை வாங்கி வந்தீர்கள். மழுப்பாமல் எழுதினீர்கள்.

குட்டியைச் சீனிச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு இல்லை. பத்திரகாளி அம்மாவுக்கு. அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

மற்ற எல்லா வீட்டையும் நேரில் பார்த்தபிறகே கொடுத்தேன். உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வந்தால் வாசலிலிருந்தே குட்டியோடு திரும்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஸ்டெல்லா காலையிலிருந்து கூடையைப் போய்ப் போய் முகர்ந்து பார்க்கிறாள். ஒவ்வொரு குட்டி போகும்போதும் இதே பாடு. எனக்கும் அவளுக்கும் பழகவில்லை.

சில விஷயங்கள் கவனம். வேண்டுமென்றால் காலால் தரையைத் தட்டுங்கள், திரும்பும். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் வரும்; அது மட்டும் பழக்கியிருக்கிறேன். தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டு எழுப்பாதீர்கள், அலறி விழிக்கும். கையை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோனால் போதும், வாசனை கண்டு தானே கண்ணைத் திறக்கும். கேட்டை எப்போதும் பூட்டுங்கள். அடித்த தடம் ஆறிவிட்டது, ஆனால் யாராவது கையை ஓங்கினால் இன்னும் ஒண்டிக்கொள்கிறது.

பெயர் வைக்கவில்லை. கூப்பிட்டுப் பயனில்லாததற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வினோலியா


உ

சிவகாசி
தீபாவளிக்கு மறுநாள்

அன்புள்ள டீச்சருக்கு,

குட்டி சுகமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி பத்திரகாளி மடியில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். முதலில் அவள் தொடவில்லை. அது பாட்டுக்கு அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அதை எழுப்பக் கூடாதே என்று சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீங்கள் எழுதிய குறிப்பை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் கையை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோகிறாள். நான் கண்ணயர்ந்திருந்தால் காபித் தம்ளரை என் மூக்குக்கு முன்னால் பிடிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்.

நேற்று எங்கள் வீட்டில் பலகாரம் கிடையாது, எண்ணெய்க் குளியல் கிடையாது. தெருவில் விடியும்போதே தொடங்கிவிட்டார்கள். புகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், சுவரில் கை வைத்தால் அதிர்ந்தது. வெடி என்றாலே பத்திரகாளி நடுங்குவாளே என்று தேடிப் போனேன். அடுப்படிக்குப் பின்னால், கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள். குட்டி மடியில் மல்லாந்து கிடந்தது. ஊரே வெடிக்கிறது, அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது, டீச்சர்.

ஏதோ முணுமுணுக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். கையை ஆட்டி, தலையை அசைத்து, இடையில் ஒரு தடவை சிரித்து, பிறகு அழுது, பிறகும் பேசினாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். குட்டிக்கும் கேட்காது. அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கு வெடிச் சத்தத்தில் கேட்டிருக்காது. அதனால்தான் பேசினாளோ என்னவோ. இன்று காலையிலும் பேசினாள்.

உதடு பார்த்துப் புரிந்துகொள்ள இன்னும் எனக்குப் பழகவில்லை. ஒரு சொல் மட்டும் தெரிந்தது. அதைச் சொல்லும்போது உதடு ஒரு தடவை ஒட்டிப் பிரியும். இருபத்தாறு வருஷம் அவள் மகனை அந்தச் சொல்லால் கூப்பிட்டுப் பார்த்தவன் நான். குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் வைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

என்னிடம் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொல்கிறாள். சொல்லட்டும். அதில் என்னைத் திட்டுவதும் இருக்கும்.

ஒரு உதவி கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பத்திரகாளி பேசும்போது கொஞ்ச நேரம் பக்கத்து அறையில் இருங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுத வேண்டாம். இத்தனை மாதம் பேசாமல் இருந்த பிறகு அவள் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராஜபாண்டியன்